எச்சரிக்கை: 380 வெள்ளிக்கு வந்த 'பழைய அமெரிக்கக் கத்தி'

பழைய அமெரிக்க மடக்குக் கத்தி, தயாரிப்பு நின்றுபோய் இருபது வருடம் ஆகிறது, இனிமேல் கிடைக்காது என்று யாராவது உங்களிடம் பேச்சுக் கொடுத்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மாதம் நான் 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் ஏமாந்திருந்தால் பரவாயில்லை. மலேசியாவில் பீடோர் ஊர்ப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஸ்டோரில் பத்தொன்பது வருடமாக அரிவாளும் உளியும் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறவன் நான். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். கப்பலில் வேலை பார்த்த என் மாமா ஏதோ ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் வாங்கி வந்து அவருக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுத்திருந்தார். ஷ்ரேட் கம்பெனியின் 'ஓல்டு டைமர்' வரிசையில் 8 ஓ.டி. என்ற எண். மடக்கினால் ஏறக்குறைய நான்கு அங்குலம், மூன்று அலகு, அறுத்த எலும்பு போல வரிவரியாகக் கீறிய பழுப்புப் பிளாஸ்டிக் பிடி. அந்த மூன்று அலகும் அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களுக்காக அமைந்தவை. கூரான பெரிய அலகு பொது வேலைக்கு, வாய் நேராக இருப்பது இழுத்து வெட்டுவதற்கு, முனை மழுங்கிய மூன்றாவது கன்றுக்குக் காயடிப்பதற்கு. அப்பா அந்த மூன்றாவது அலகில்தான் வெற்றிலைக் காம்பு கிள்ளுவார். அதன் பிறப்பு ரகசியம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. பெரிய அலகால், மரத்துப் பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நெம்பி எடுப்பார். தோட்டம் கைமாறி, தோட்டத்து லய வீட்டைக் காலி செய்து, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கு வீடு மாறிய நாளில் அந்தக் கத்தி எந்த மூட்டையோடு போனதோ தெரியவில்லை.

அதேபோல ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நீலப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மூன்று அலகையும் விரித்துவைத்த படம். அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில் 'ஷ்ரேட்', அதன் கீழ் 'யு.எஸ்.ஏ.', அதன் கீழ் எண். பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்துத் தெளிவாக இருந்தது. பிடியின் நடு ஆணிக்குப் பக்கத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. போலி செய்கிறவன் எதற்குச் சில்லைப் பெயர்த்துவைக்கப் போகிறான்?

விற்றவர் நம் ஆள். ஈப்போவில் இருப்பதாகச் சொன்னார். வாய்க்கு வாய் "அண்ணே" போட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஷ்ரேட் கம்பெனி 1904இல் நியூயார்க் மாநிலத்து வால்டன் ஊரில் தொடங்கியது என்றார். பிறகு அதே மாநிலத்தின் எல்லன்வில்லுக்குப் போன தொழிற்சாலை 2004 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது என்றார். இரண்டும் சரியே. அவர் விழுங்கிய செய்தி வேறு. மூடிய கம்பெனியின் பெயரை இன்னொரு நிறுவனம் வாங்கி, அதே பெயரில், அதே எண்ணில், அதே பழுப்புப் பிடியோடு சீனாவில் செய்ய வைத்தது. அதில் திருட்டு ஒன்றும் இல்லை. பெயரைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள், அந்தக் கத்தியும் அதன் விலைக்கு மோசமில்லை. திருட்டு, இந்தக் கத்தியை அந்தக் கத்தி என்று விற்பதில்தான் இருக்கிறது. "தயாரிப்பு நின்றுபோன கத்தி அண்ணே" என்று அவர் சொன்னபோது எது நின்றது, எது நிற்கவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

காந்த வித்தைக்கு வருகிறேன். இதில் ஏமாறாதவர் குறைவு. பழைய ஓல்டு டைமர் அலகுகள் கார்பன் எஃகு, அதாவது துருப்பிடிக்கிற எஃகு. சீனத்தில் செய்த புதியவை எவர்சில்வர். இந்த வேறுபாடு தெரிந்துதான் நான் அவரிடம் கேட்டேன், "கார்பன் எஃகுதானா என்று எப்படி நம்புவது?" உடனே ஒரு காணொளி அனுப்பினார். பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் காந்தத்தை வைத்தார், வழுக்கி விழுந்தது. கத்தியில் வைத்தார், டக்கென்று கவ்வியது. "பார்த்தீர்களா அண்ணே, எவர்சில்வர் என்றால் ஒட்டாது." எனக்கு அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. நம் வீட்டில் குளிர்பெட்டிக் கதவிலிருந்து காந்தத்தை எடுத்துச் சோற்றுத் தட்டில் வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? தட்டில் ஒட்டாது, எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் தட்டும் டம்ளரும் செய்கிற எவர்சில்வர் வேறு வகை, கத்தி செய்கிற எவர்சில்வர் வேறு வகை. பாத்திரத்துக்கான உலோகத்தில் நிக்கல் சேர்ப்பதால் காந்தம் பிடிப்பதில்லை. கத்தி அலகை நெருப்பில் பழுக்கவைத்துக் குளிரவைத்துக் கடினமாக்க வேண்டும். அப்படிக் கடினமாகிற எவர்சில்வரில் காந்தம் நன்றாகவே ஒட்டும். உங்கள் வீட்டுச் சமையல் கத்தியில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்க்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போக நான்கு அடி. 380 வெள்ளியை நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பொட்டலம் வந்தது. சில்லு இல்லை. கேட்டதற்கு, "தேய்த்துச் சரிசெய்துவிட்டேன் அண்ணே, உங்களுக்காக" என்றார். பிளாஸ்டிக்கில் பெயர்ந்த இடம் தேய்த்தால் பள்ளமாகுமே தவிர நிரம்புமா? அப்போதும் நான் அவரை நம்பினேன். மறுநாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டோருக்கும் போய் வந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான்கு பேரிடம் காட்டவும் செய்தேன்.

கண்டுபிடித்தது அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீடோர்க் கொய்யா ஒன்றை அந்தக் கத்தியால் நறுக்கி அவரிடம் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டவர், "கத்தி வாசம் இல்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்பாவின் கத்தியால் நறுக்கினால் பழத்தில் ஓர் இரும்பு வாசம் ஏறும், வெட்டிய ஓரம் கறுக்கும், அதனால்தான் அப்பாவைப் பழத்துக்கோ வெங்காயத்துக்கோ அந்தக் கத்தியைத் தொட விடமாட்டேன் என்றார். தட்டைப் பார்த்தேன். துண்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு மேசை விளக்கடியில் உட்கார்ந்தேன். அலகில் வயதான எஃகுக்கு வரும் சாம்பல் கறை படிந்திருந்தது. ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கறை துணிக்கு வந்துவிட்டது. எஃகு தானாக ஏற்றிக்கொண்ட கறை மண்ணெண்ணெய்க்கெல்லாம் அசையாது, சாணைக்கல் வேண்டும். துணியை முகர்ந்தேன். பள்ளிக்கூடக் காலத்துச் சப்பாத்து (ஷூ) மையின் வாசம். அடுத்து, தோட்டத்தில் முள் எடுக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அலகின் அடிப்பகுதியைப் பார்த்தேன். முன்பக்கம் பெயர் இருந்தது, யு.எஸ்.ஏ. இல்லை. பின்பக்கம் எழுத்தே இல்லை. ஆனால் அந்த இடம் மட்டும் மற்ற பகுதியைவிட அரை நூல் தாழ்ந்து, கரண்டிக் குழிபோல லேசாக வளைந்திருந்தது. மற்ற இடத்தில் ஆலையில் தீட்டிய கோடுகள் நெடுக்கே ஓடின, இங்கே அரம் போட்ட கோடுகள் குறுக்கே. அங்கே எந்த நாட்டின் பெயர் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக எலுமிச்சை. துடைத்த அலகின்மேல் அரை மூடியைத் தேய்த்து, சாறோடு அப்படியே விட்டேன். கார்பன் எஃகாக இருந்தால் சிறிது நேரத்தில் சாம்பலும் நீலமுமாகக் கறை ஏறும். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கழுவினால் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பார்த்து நல்ல கத்தியையும் நீங்கள் தள்ளிவிடுவீர்கள். அதே ஷ்ரேட்டின் 'அங்கிள் ஹென்றி' வரிசை அமெரிக்காவில் செய்தபோதே எவர்சில்வர் அலகுதான். அதற்கு எலுமிச்சைச் சோதனை செல்லாது. ஓல்டு டைமருக்குத்தான் அது. எதுவானாலும் அடிப்பகுதியின் இரண்டு பக்கத்தையும், மூன்று அலகிலும், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். உண்மையாக விற்கிறவர் முகம் சுளிக்கமாட்டார்.

இடுப்பில் செருகிக்கொண்டு போனேன் என்றேனே, அதிலும் அவர் என்னைக் குழியில் இறக்கப் பார்த்தார். எடுத்துக்கொண்டு நடமாடலாமா என்று முதலிலேயே கேட்டிருந்தேன். "அலகு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் சட்டம் ஒன்றும் செய்யாது அண்ணே" என்றார். அந்த மூன்று அங்குலக் கணக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ளது, 1988ஆம் ஆண்டுச் சட்டம். அங்கேயும் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் நாட்டில் இருப்பது அரிப்புப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 6ஆம் பிரிவு அங்குலம் பார்ப்பதில்லை. பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தாயா என்று பார்க்கிறது. குற்றம் உறுதியானால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. நான் ஸ்டோரிலிருந்து திரும்பிய அதே நாள் பெரிய சாலையில் போலீஸ் தடுப்பு. தோட்டத்து அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது, வண்டியின் பின்னால் இரண்டு அரிவாளும் ஒரு சுருள் கயிறும் கிடந்தன. மலாய்க்கார அதிகாரி கத்தியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, எந்தத் தோட்டம் என்று கேட்டு, திருப்பிக் கொடுத்து, வேலை முடிந்தால் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார். அதே கத்தியோடு கல்யாண வீட்டுக்கோ இரவுச் சந்தைக்கோ போயிருந்தால் நான் என்ன காரணம் சொல்லியிருப்பேன்? அப்பா காலத்துக் கதை வேறு. இப்போது என் கத்தி ஸ்டோர் மேசையை விட்டு வெளியே வருவதில்லை.

விற்றவரிடம் திங்கட்கிழமை பேசினேன். முதலில் சிரித்தார். பிறகு, அமெரிக்காவில் செய்தது என்று தான் எழுத்தில் கொடுக்கவே இல்லை என்றார். விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். உண்மைதான், 'பழைய ரகம், தயாரிப்பு நின்றது' என்று மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் படம் சொன்னது, வாய் சொன்னது. பாதிப் பணமாவது கொடுங்கள் என்றேன். அத்தோடு என் எண்ணை அடைத்துவிட்டார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். மனுப் பாரத்தை (படிவத்தை) நிரப்ப உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பின் பெயர், முகவரி என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண், வங்கிக் கணக்கில் ஒரு பெண்ணின் பெயர், பொட்டலத்தின்மேல் அனுப்புநர் இடத்தில் 'ஈப்போ' என்ற ஒரே சொல். போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்கி வைத்திருக்கிறேன். கணக்கு எண் அதில் இருக்கிறது. இதே ஆளிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், நீங்களும் உங்கள் ஊரில் ஒரு புகார் கொடுங்கள். தனியாக 380 வெள்ளி என்றால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவரை அடையாளம் காணப் பெயர் உதவாது, மாற்றிக்கொண்டே இருக்கிறார். படத்தைப் பாருங்கள். நேற்று இரவு வேறொரு பெயரில் அதே படம் வந்திருக்கிறது. அதே நீலப் பூப்போட்ட விரிப்பு, விரித்த மூன்று அலகு, நடு ஆணிக்குப் பக்கத்தில் குருணை அளவு சில்லு. என்னிடம் தேய்த்துச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்ன அதே சில்லு. விலை இப்போது 420 வெள்ளி.