டவர் புதுசு, மோட்டார் ஓடவில்லை: ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் பக்கத்து மொபைல் டவரை மேம்படுத்திய பிறகு நெட்வொர்க் எப்படி என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தோட்டத்து மோட்டாருக்கு எந்த சிம் போட்டிருக்கிறீர்கள்? சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிக்கல் தொடங்கியதே அந்த மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில்தான்.

எங்கள் தோட்டம் காங்கயம் - தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஊதியூர் மலையின் மறுபக்கம். தென்னை, மாட்டுக்குக் கொஞ்சம் சோளத்தட்டு, கட்டுத்தரையில் நாலு உருப்படி. டவர் ரோட்டோரம் நிற்கிறது. சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) பார்த்தால் உச்சி மட்டும் தெரியும், நடுவில் மலைச்சரிவும் அடுத்தவர் தோப்பும். 2018 பிப்ரவரியில் ஒரு மொபைல் கம்பெனி படுத்துக்கொண்டு, நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்குப் போக ஊரே போர்ட் நம்பருக்காக அல்லாடியதே, அந்தக் கூட்டத்தோடு நானும் இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவன். பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

2024 ஆடியில் மெசேஜ் வந்தது. உங்கள் பகுதியில் நெட்வொர்க்கை மேம்படுத்துகிறோம், சில நாள் தடங்கல் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. ரீசார்ஜ் விலையைத் தனியார் கம்பெனிகள் எல்லாம் ஏற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சரி, வாங்கிய காசுக்கு ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தச் சில நாள் புரட்டாசி வரைக்கும் நீண்டது.

முதல் வாரமே ரோட்டில் ஆளுக்கு ஆள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பேக்கரி முன்னால் நின்றால் 5ஜி குறி, 300 எம்பிபிஎஸ். நானும் எடுத்தேன், பொய் சொல்லக்கூடாது, எனக்கும் 280 காட்டியது. அங்கிருந்து வண்டியை எடுத்துத் தோட்டத்துக்குள் போனால், வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஒரு கோடு, கிணற்றுமேட்டில் அதுவும் இல்லை. அதற்கு முன்னால் அதே கிணற்றுமேட்டில் நின்று கொப்பரை வியாபாரியிடம் அரை மணி நேரம் விலை பேசியிருக்கிறேன்.

மோட்டார் கதைக்கு வருகிறேன். நம் பக்கம் முக்கால்வாசித் தோட்டத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும், நம் போனிலிருந்து அதற்குக் கூப்பிட்டால் மோட்டார் ஓடும், திரும்பக் கூப்பிட்டால் நிற்கும், த்ரீ பேஸ் கரன்ட் வந்தால் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த காலத்தை அதுதான் ஒழித்தது. ஆனால் இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை பழைய 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் வேலை செய்பவை. கம்பெனி மேம்படுத்துகிறேன் என்று 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2ஜிக்கு இருந்த இடத்தில் பாதியைப் பிடுங்கி 4ஜிக்குக் கொடுத்துவிட்டது. பெட்டிக்கு சிக்னல் லைட் எரியும், கூப்பிட்டால் மட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே. மோட்டாரை ஓட்டுவதாவது பரவாயில்லை, நடந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த முடியாமல் நான் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் பாய்ந்து பங்காளியின் வெங்காயம் நனைந்துபோனது. அந்தப் பேச்சு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் போனை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார்கள். ஸ்டார்ட்டர் பெட்டி என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, மோட்டார் பைக்கா சார் என்று கேட்டது. மூன்றாவது முறை, உங்கள் சிம் பழசு, மாற்றினால் சரியாகும் என்றார்கள். நம்பிக் காங்கயத்தில் கடைக்குப் போய்க் கைரேகை வைத்து என் போனுக்குப் புது சிம் வாங்கினேன். அங்கே யாரும் சொல்லாத இரண்டு விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடி நடக்கக்கூடாது என்பதற்காக வைத்த தடை அது, அதனால் அன்றைக்குப் பேங்க் ஓடிபி எதுவும் கிடையாது. எனக்கு அன்றைக்குத்தான் தீவன மூட்டைக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது, கோபத்தில் அன்று பொழுதோடவே போர்ட் போட 1900க்கு மெசேஜ் அனுப்பலாம் என்று பார்த்தால், 2024 ஜூலை 1 முதல் சிம் மாற்றி ஏழு நாள் ஆகாமல் போர்ட் நம்பர் தரமாட்டார்கள் என்று தெரிந்தது. சிம் மாற்றியும் கிணற்றுமேட்டில் ஒன்றும் மாறவில்லை.

அந்த ஏழு நாள்தான் என்னை இந்தக் கம்பெனியில் நிறுத்தி வைத்தது. சும்மா இருக்காமல் போனில் எந்த அலைவரிசையில், எவ்வளவு சிக்னலில் நிற்கிறோம் என்று காட்டும் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தேன். பேக்கரியில் மைனஸ் 78, வாய்க்கால் பாலத்தில் மைனஸ் 104, கிணற்றுமேட்டில் மைனஸ் 119. இந்த எண் பூஜ்யத்தைவிட்டு விலக விலக சிக்னல் மோசம், 110ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டித்தான் வரும். போன் நின்றிருந்தது 2300 மெகாஹெர்ட்ஸில். அதில் வேகம் இருக்கும், தூரம் போகாது, ஈரத் தென்னமட்டையைக்கூட தாண்டத் திணறும். 900 அப்படியில்லை, தோப்பு, சுவர் எல்லாம் ஓரளவு ஊடுருவி வரும். புதிதாகப் போட்ட 900 4ஜி எங்கள் பக்கத்துக்கு வரவே இல்லை.

எண்களை எழுதி, இடத்தைக் குறித்து, புகார் எண்ணோடு மேல்முறையீட்டுக்கு அனுப்பினேன். முதல் புகாருக்குச் சரியான பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது, அந்த வழியில் போனால்தான் ஸ்கிரிப்ட் படிக்காத ஆள் பேசுகிறார். ஆவணி கடைசியில் டவருக்கு வேலை செய்கிற பையன் ஒருவரே போன் செய்தார். ஆன்டெனா ரோட்டைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்கிறது, திருப்ப வேண்டும், ஆடிக்காற்றில் மேலே ஏற விடமாட்டார்கள், அதனால்தான் தள்ளிப்போனது என்றார். இது எனக்கு நியாயமாகப் பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் அடிக்கிற அடியில் தென்னையே வளைந்துதான் நிற்கிறது. புரட்டாசி இரண்டாவது வாரம் திருப்பினார்கள். கிணற்றுமேடு மைனஸ் 101க்கு வந்தது. பேசலாம், வாட்ஸ்அப் வீடியோவும் ஓடுகிறது.

ஸ்டார்ட்டர் மட்டும் சரியாகவில்லை. போன 2ஜி இனித் திரும்பி வராது. ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து 4ஜி பெட்டி மாற்றினேன். அந்தக் காசை நெட்வொர்க் செலவில்தான் நான் எழுதிக்கொள்கிறேன். மாமனார் தோட்டத்தில் பெட்டியை மாற்றாமல் 2ஜி இன்னும் ஒழுங்காக வைத்திருக்கிற வேறு கம்பெனி சிம்மைப் போட்டோம், அதுவும் ஓடுகிறது. 2ஜியே இல்லாத கம்பெனி சிம் பழைய பெட்டியில் வேலையே செய்யாது, கடைக்காரர் ஆஃபர் சொன்னால் மயங்காதீர்கள். பெட்டி சிம்முக்கு டேட்டா பிளான் எதற்கு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் 2025 தொடக்கத்திலிருந்து இருக்கிறது, ஆப்பில் கடைசியில் ஒளிந்திருக்கும், தேடுங்கள்.

மற்றவர்கள் நிலைமை வேறு வேறு. மச்சான் தறி ஓட்டுகிறார், தகர செட்டுக்குள் அன்றைக்கும் சிக்னல் இல்லை, இன்றைக்கும் இல்லை. பிராட்பேண்டு போட்டு வைஃபை காலிங் (டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசுவது) ஆன் செய்ததும் அவருக்குப் பிரச்சினை முடிந்தது, ஆனால் தறிச்சத்தத்தில் எப்படியும் பேச முடியாது என்பது தனிக்கதை. கோயமுத்தூர் ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற தங்கச்சி மகளுக்கு இந்த மேம்பாடு உண்மையிலேயே வரம், அவர்கள் வீடு ரோட்டோரம். பட்டன் போன் வைத்திருக்கிற அத்தைக்குத்தான் மோசம், அதுவும் 2ஜி போன். "ஏனுங் மாப்ள, டவரு ஒசரமாயிருச்சுங்கறாங்க, எனக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது" என்று கேட்டார். 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பழைய போனில் இருந்த டார்ச் இதில் மங்கல் என்று இன்னும் குறை சொல்கிறார்.

இப்போது தை. ஒன்றரை வருடக் கணக்கில் இன்னும் பாக்கி இருப்பது கரன்ட் விஷயம். கரன்ட் போய் அரை மணி நேரத்தில் 5ஜி குறி மறைகிறது, இரண்டு மணி நேரம் தாண்டினால் டவரே படுத்துவிடுகிறது, முன்பு ஜெனரேட்டர் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கும். கேட்டால் பேட்டரி மாற்ற எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். அதனால் போனில் இரண்டாவது சிம் வேறு கம்பெனியில் வைத்திருக்கிறேன். போர்ட் போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த இரண்டாவது சிம்மோடு அதே கிணற்றுமேட்டில் நின்று பார்த்தபோது மைனஸ் 113.