கிளியூர் அருவி கார்டிகன்: கம்பளியா, பருத்தியா?

மழைக்குப் பிறகு ஏற்காட்டில் கிளியூர் அருவியைப் பார்த்ததும் வந்த ஆசை: நீரலை ஓடும் லேஸ் பின்னலில், உடம்போடு பொருந்தி நிற்கும் ஒரு கார்டிகன், அதாவது முன்பக்கம் திறக்கும் பின்னல் மேலாடை. எந்த நூல் என்பதில்தான் குழப்பம்.

அலை எப்படி வருகிறது? ஒரு பக்கம் ஊசியில் நூலைச் சுற்றி ஓட்டை விடுகிறோம், இன்னொரு பக்கம் இரண்டிரண்டு கண்ணிகளை (ஊசியில் உள்ள நூல் வளையங்களை) சேர்த்துக் குறைக்கிறோம். வரிசை தானாக வளைகிறது. கம்பளியில் பின்னி முடித்ததும் அது கசங்கிய துணி மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். நனைத்து, துண்டில் ஒற்றி, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓட்டைகள் விரிந்து அலை எழும்பும். இடுப்பிலும் இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும்.

பருத்தியில் ஒவ்வொரு கண்ணியும் பளிச்சென்று தெரியும். ஆனால் நெகிழ்வு குறைவு, கனம் அதிகம். போடப் போடக் கீழே தொங்கும். முதலில் சின்னதாகப் பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டைத் துவைத்துத் தொங்கவிட்ட பிறகே அளவெடுங்கள். நான் அதைச் செய்யாமல், முழங்கை தொளதொளத்த ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சேலம் வெயிலுக்குப் பருத்திதான், சரி. ஆனால் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், மாலைப் பனிக்குப் போட என்றால் நான் மெல்லிய கம்பளியைத்தான் எடுப்பேன்.