தொடர்பு அறுந்த சென்சார்: செல்லா, இடமா, ரிப்பீட்டரா?

வீட்டுத் திருட்டு அலாரத்தின் பேனலில், அதாவது மையப் பெட்டியில், ஏதாவது ஒரு வயர்லெஸ் கதவு சென்சார் 'தொடர்பில் இல்லை' என்று காட்டினால் மூன்று வழிகள் உண்டு. செல்லை (பேட்டரியை) மாற்றலாம், சென்சாரை நகர்த்தி ஒட்டலாம், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை நடுவே வைக்கலாம். பலரும் முதலாவதைச் செய்துபார்த்து, பலிக்காவிட்டால் நேரே மூன்றாவதுக்குப் போய்விடுகிறார்கள். காசு செலவில்லாத இரண்டாவது வழியை யாரும் சீண்டுவதில்லை.

எந்த வழியானாலும் முதலில் பேனலை டெஸ்ட் நிலைக்கு மாற்றுங்கள். சென்சாரின் மூடியைக் கழற்றினால், யாரோ கைவைத்ததாக உணர்த்தும் டேம்பர் சுவிட்ச் விடுபட்டு சைரன் அலறிவிடும்.

செல் விஷயத்தில் ஏமாற்றுவது மல்டிமீட்டர்தான். பழைய சிஆர்2032 நாணய செல்லும் 2.9 வோல்ட் காட்டும். ஆனால் அதன் உள்மின்தடை ஏறியிருக்கும். சிக்னல் அனுப்பும் நொடியில் வோல்ட் சரிந்து சென்சார் ஊமையாகிவிடும். குளிரில் இது இன்னும் மோசமாகும். இரவில் காணாமல் போய் வெயில் ஏறியதும் திரும்பிவரும் சென்சாரா? செல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில சென்சார்களில் வரும் உருளை வடிவ சிஆர்123ஏ செல்லின் கொள்ளளவு ஏறக்குறைய 1500 மில்லிஆம்பியர்-மணி. நாணய செல்லில் 220 சொச்சம்தான். சிஆர்123ஏ அளவிலேயே வரும் ரீசார்ஜ் செல்களில் சில, முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட் சென்சாரில் அதைப் போட்டால் போர்டே போய்விடலாம். பழைய செல்லை எடுத்ததும் டேம்பரை நாலைந்து முறை அழுத்தி, மிச்ச மின்சாரம் வடிந்த பிறகே புதியதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 'செல் குறைவு' எச்சரிக்கை போகாமல் அடம்பிடிக்கும்.

புது செல் போட்டும் சரியாகவில்லையா? நன்றாக வேலை செய்யும், அதே மாதிரியான இன்னொரு சென்சாரை இங்கே வைத்து, இதை அங்கே வையுங்கள். பேனல் வரிசை எண்ணை வைத்தே அடையாளம் காண்பதால் மறுபடி பதிவு செய்ய வேண்டாம். கோளாறு சென்சாரோடு போனால் சென்சார் பழுது. பழைய இடத்திலேயே தங்கினால் இடம்தான் குற்றவாளி. பல வயர்லெஸ் சென்சார்கள் பயன்படுத்தும் 868 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். சுவரிலும் உலோகத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் உருவாகும். 10, 15 சென்டிமீட்டர் நகர்த்தினாலே சிக்னல் எகிறுவது அதனால்தான். இரும்புக் கதவு இரட்டைத் தொல்லை: சிக்னலையும் மறைக்கும், கதவில் ஒட்டிய சென்சார் காந்தத்தின் வலுவையும் குறைக்கும். சென்சாரை மரச்சட்டத்தில் வைத்து, காந்தத்துக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு கொடுத்து உயர்த்துங்கள். (மூடிய கதவைத் 'திறந்திருக்கிறது' என்று காட்டினால் அது ரேடியோ தகராறு அல்ல, காந்த இடைவெளியைப் பாருங்கள்.)

ரிப்பீட்டர் கடைசிக் கைதான். ஒரே மூலையில் மூன்று நான்கு சென்சார்கள் தடுமாறினால் மட்டும் அதற்குக் காசு போடலாம். பேனலோடு பொருந்தும் மாடலாக இருக்க வேண்டும், பவர் போனால் தாங்க பேட்டரியும் வேண்டும். தடுமாறும் சென்சாருக்குப் பக்கத்திலேயே வைத்தால் ரிப்பீட்டருக்கும் பேனல் எட்டாது. பாதி வழியில் வையுங்கள். அது படுத்தால் அதை நம்பியிருக்கும் எல்லா சென்சாரும் படுத்துவிடும்.

எதைச் செய்தாலும் பத்து நிமிடத்தில் வெற்றி என்று நினைக்காதீர்கள். பல பேனல்கள் 12 அல்லது 24 மணி நேரம் சத்தமில்லாமல் போன பிறகுதான் 'தொடர்பில் இல்லை' என்றே சொல்லும். ஒரு முழு நாள் ஓடவிட்டு, பிறகு பேனலின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள்.