3.4 லட்சம் கி.மீ. ஓடிய பிக்கப்புக்கு இழுவை கூட்ட: பாக்ஸா, ரீமேப்பா, பட்டறை வேலையா?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். போன பங்குனியில் தாளவாடிப் பக்கம் ஒரு நோம்பிக்கு ஜெனரேட்டர் டிராலியை இழுத்துக்கொண்டு ஏறினேன். எட்டாவது வளைவிலேயே வண்டி இரண்டாம் கியரில் முனக ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. எப்படியாவது இந்த வண்டிக்குப் பவர் ஏற்றிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வண்டி 2011 மாடல், 2.5 லிட்டர் காமன் ரயில் டர்போ டீசல். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்த வயதில் எல்லாம் ஒன்றுதான். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் டிராலியோடு சேர்த்து 4 டன் காட்டியது.

செலவு செய்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டேன். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில் 4 டன்னை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஏற்ற, சக்கரத்தில் சுமார் 42 குதிரைத்திறன் வேண்டும். கியர்பாக்ஸிலும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரத்திலும் வீணாகப் போவதைச் சேர்த்தால் இன்ஜின் 50 கொடுத்தால் போதும். என் இன்ஜின் புதிதில் நூறுக்குப் பக்கத்தில் கொடுத்தது. அப்படியென்றால் அன்றைக்கு முனகியது ஏன்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடை கடையாக விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது டியூனிங் பாக்ஸ். என் மாப்பிள்ளை அவருடைய வண்டியில் போட்டிருக்கிறார். 14,000 ரூபாய், அரை மணி நேர வேலை, எந்த ஒயரையும் வெட்டத் தேவையில்லை. டீசல் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாருக்கும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். அது செய்வது ஒரு பொய்தான். உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். இசியூ அதை நம்பிப் பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். டீசல் கூடுதலாக இறங்கும். ஆனால் டர்போ கொடுக்கும் காற்று அப்படியேதான் இருக்கும். டீசல் கூடிக் காற்று கூடாவிட்டால் என்ன ஆகும்? கரும்புகை, சூடு. பைபாஸில் ஓவர்டேக் எடுக்கும்போது ஜோராகத்தான் இருக்கிறது, நானே ஓட்டிப் பார்த்தேன். ஆனால் இருபது நிமிடம் முழு பாரத்தோடு மலை ஏறுகிற வண்டிக்கு அது ஆகாது. 3 லட்சம் கி.மீ. தேய்ந்த பம்பையும் இன்ஜெக்டரையும் இன்னும் அழுத்துவது, முட்டி வலிக்காரரை ஓடச் சொல்வது மாதிரி. பாக்ஸ் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ரீமேப் விஷயம் வேறு. இதில் பொய் கிடையாது, இசியூவுக்குள் இருக்கும் ஃபைலையே மாற்றுகிறார்கள். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில், எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), எந்த இடத்தில் டார்க்கை (முறுக்கு விசையை) நிறுத்துவது என எல்லாம் சேர்ந்து மாறும். நல்ல கை வேலை செய்தால் புகையே தெரியாது. கோவையில் எனக்குச் சொன்ன விலை 22,000. இழுவைக்கு ரீமேப் செய்பவர்கள் உச்ச குதிரைத்திறனைக் கேட்கவே கூடாது. 1,600-லிருந்து 2,400 ஆர்பிஎம்முக்குள் டார்க் எவ்வளவு சீராக இருக்கும் என்று கேட்க வேண்டும். மலையில் இன்ஜின் ஓடுவது அந்த ஆர்பிஎம்மில்தான். கம்பெனி ஃபைலைத் தனியாக எடுத்து நம் கையில் கொடுக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச்தான் சிக்கல். அந்தியூர்ப் பக்கம் ஒரு நண்பர், மாட்டு டிராலி இழுப்பவர், ரீமேப் போட்ட மூன்றாம் மாதம் பர்கூர் மலையில் நின்றுவிட்டார். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகின நாற்றம். பிளேட் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. பழைய டார்க்கைத் தாங்கியது, புதியதைத் தாங்கவில்லை. ரீமேப் விலையோடு கிளட்ச் செட் விலையையும் கூட்டித்தான் அவர் இப்போது கணக்குச் சொல்கிறார். இன்ஜினிலிருந்து வரும் புகையின் சூட்டை அளக்க பைரோமீட்டர் ஒன்று மாட்டுவது நல்லது. டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் பிஸ்டனுக்குக் கேடு. டெம்பரேச்சர் முள் காட்டுவது தண்ணீர்ச் சூட்டைத்தான், அதை நம்பி உட்கார முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று). புகை அடிக்கிற வண்டியை அங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய டர்போ, சத்தம் போடும் சைலன்சர், டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து இதெல்லாம் இழுவை வண்டிக்கு வேண்டாத வேலை. பெரிய டர்போ கீழ் ஆர்பிஎம்மில் இன்னும் சோம்பேறியாகும்.

கடைசியில் போனது பெருந்துறைப் பக்கம் ஒரு பட்டறைக்கு. ரீமேப் போடலாமா என்று கேட்டதற்கு மெக்கானிக் சொன்னார்: "ஏனுங்ணா, இருக்கற பவரே பாதி காணோம். அதத் தேடாம புதுசு வாங்கப் போறீங்களே!"

நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களிலும் ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். இரண்டு நிமிடத்தில் மூன்று பாட்டிலில் கால் பங்கு. இரண்டாவது சிலிண்டர் பாட்டில் மட்டும் கழுத்து வரை வந்துவிட்டது, அதாவது அந்த இன்ஜெக்டர் தேய்ந்து டீசலைத் திருப்பி விடுகிறது. அப்புறம் டர்போ காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி, அடிப்பக்கத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், சுற்றிலும் ஆயில் ஈரம். கையால் அழுத்தினால்தான் வாய் திறந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், பூஸ்ட் ஏறினால் திறக்கும். அதனால்தான் இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் பக்கம், காற்று உள்ளே போகும் இன்டேக் வழி கரி படிந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து வரும் புகை) பார்த்தார், பெரிதாக அடிக்கவில்லை. அது அடித்திருந்தால் கதையே வேறு. பாக்ஸ், ரீமேப் எதையும் நினைக்காமல் இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்க்க வேண்டியதுதான்.

இன்ஜெக்டர், ஹோஸ், ஏர் ஃபில்டர், கரி சுத்தம் எல்லாம் சேர்த்து 29,000 ஆனது. பாக்ஸைவிட இரண்டு மடங்கு, ரீமேப்பைவிட அதிகம். காசைப் பார்த்தால் இதுதான் தோற்கும்.

கூடவே ஓசியில் ஒன்று கிடைத்தது. ஸ்டைலுக்காக 245/75 டயர் போட்டிருந்தேன். கம்பெனி அளவு 235/70. பெரிய டயரின் விட்டம் 5 சதவீதம் கூடுதல், அதாவது சக்கரத்தில் இழுவை அதே அளவு குறைவு. டயர் தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

ஐப்பசியில் மறுபடி அதே தாளவாடி, அதே டிராலி. பதினான்காவது வளைவு வரைக்கும் நேர் ஏற்றங்களில் மூன்றாம் கியர் தாங்கியது. கிளட்ச் மாற்றும் நாள் வந்தால், 15 சதவீதத்துக்கு மிகாத ஒரு ரீமேப் போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை இருக்கிறது. அதற்கு முன்னால் டிராலிக்கு பிரேக் வைக்க வேண்டும். இறங்கும்போது அந்த 27 வளைவிலும் பின்னாலிருந்து தள்ளுவது அதுதான்.