ஊசியில்லாமல் சர்க்கரை காட்டும் வாட்ச்: வாங்கிவிடாதீர்கள்

இன்சுலின் போட்டுக்கொள்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். "ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் கட்டினாலே சர்க்கரை அளவு தெரியும்" என்ற விளம்பரத்தை நம்பி என் சித்தப்பா 3,499 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கினார். அதுவரை, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வாரத்துக்கொருமுறை அதை மாற்றும் செலவு ஓய்வூதியத்துக்குள் அடங்கவில்லை. இப்படித் திண்டாடுபவர்களைப் பார்த்துத்தான் வலை விரிக்கிறார்கள்.

போன மாதம் ஒரு விடியற்காலை, சித்தி கண் விழித்தபோது அவர் வியர்வையில் நனைந்து, பேச்சு குழறிக் கிடந்தார். வாட்ச் 118 என்றது. சித்தி அதை நம்பாமல் விரலில் குத்திப் பார்த்தார்: சர்க்கரை 49க்கு இறங்கியிருந்தது! விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார். பழைய சென்சார் இருந்திருந்தால் 70க்குக் கீழே இறங்கியதுமே போனில் அலாரம் அடித்திருக்கும்.

அந்த வாட்சை நான் கட்டிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 112. வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 109. தண்ணீர் பாட்டிலில் சுற்றினேன், அதற்கும் 115 காட்டியது.

உண்மையான சென்சாரின் மெல்லிய இழை தோலுக்குள் இறங்கி, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் குளுக்கோஸை அளக்கிறது. அதுவே ரத்த அளவைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு நாடித்துடிப்பு பார்ப்பதற்கானது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. (சென்சார் அனுப்பும் அளவை வாட்சில் பார்ப்பது வேறு, அதில் தவறில்லை.)

விற்றவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "கையேட்டைப் படியுங்கள்" என்றார்கள். அதன் கடைசிப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இருக்கிறது. விளம்பரத்தில் வெள்ளை அங்கி போட்டவரை நிறுத்திவிட்டு இப்படி எழுத எப்படி மனம் வருகிறது? பெட்டியில் மருத்துவக் கருவிக்கான உரிம எண்ணும் இல்லை. அதன் பிறகு போனையே எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். நீங்களும் ஏமாந்திருந்தால் பில்லையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்திப் புகார் செய்யுங்கள். வீட்டில் யாராவது இதைக் கட்டியிருந்தால், அதன் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்ற விடாதீர்கள். இன்றே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.