தோட்டத்து ஊரில் சக்கரப் பெட்டி: வருடக்கணக்கில் இழுத்த பிறகு எது தாங்குகிறது, எது தாங்கவில்லை

சக்கரப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது நிறம், அடுத்தது விலைச் சீட்டு. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைப் பார்ப்பவர்கள் அபூர்வம். பார்க்க வேண்டியது அதைத்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரிலிருந்து அடிக்கடி வெளியூர் போகிறவர்களின் பெட்டியில் முதலில் போவது உடல் அல்ல, சக்கரம்.

ஒரே பயணத்தில் அந்தச் சக்கரம் எத்தனை விதமான தரையைப் பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லயத்து வாசல் சிமெண்டு, செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதை, கால்வாய் மேல் போட்ட கம்பி மூடி, இடிஎஸ் ரயில் நடைமேடை, கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் வழுக்குத் தரை, கேஎல்ஐஏ விமான நிலையக் கன்வேயர், திருச்சியில் இறங்கினால் கார் நிறுத்துமிடத்துச் சரளைக்கல். கடையின் பளிங்குத் தரையில் வெறும் பெட்டியைத் தள்ளிப் பார்த்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் பயணத்தில் உடைவதைவிட வீட்டில் சும்மா இருக்கும்போது கெட்டுப்போகும் சக்கரங்கள்தான் அதிகம். ஆறு மாதம் ஸ்டோர் ரூமில் இருந்த பெட்டியை வெளியே எடுத்து இழுத்தால், சக்கரத்தின் மேற்பகுதி பழைய ரொட்டி போல உதிர்ந்து தரையெல்லாம் கறுப்புத் துகளாக விழும். வாங்கியவர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள். காரணம் வேறு. அமைதியாக உருள வேண்டும் என்பதற்காகப் பல சக்கரங்களுக்கு மேலே பாலியூரித்தேன் உறை போடுகிறார்கள். அதில் பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேனுக்குக் காற்றின் ஈரம் ஆகாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்துகொண்டே வரும். நீராற்பகுப்பு என்பது இதுதான். குளிரான, வறண்ட நாட்டில் பல வருடம் உழைக்கும் அதே சக்கரம், வருடம் முழுக்கப் புழுங்கும் நம் ஊரில் சீக்கிரமே உதிர்கிறது. நீங்கள் அதை இழுத்தீர்களா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால்தான் தீபாவளி மலிவு விற்பனையிலும் வருடக் கடைசி விற்பனையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த பெட்டியின் சக்கரம், நீங்கள் தொடுவதற்கு முன்பே பாதி ஆயுளைக் கழித்திருக்கலாம். கட்டைவிரல் நகத்தால் சக்கரத்தை அழுத்திப் பாருங்கள். நகத் தடம் அப்படியே நின்றால், அல்லது விரலில் பிசுபிசுப்பு ஒட்டினால் வேண்டாம். சக்கரத்தின் விளிம்பில் முடி மாதிரி மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் வேண்டாம். டிபிஆர் எனப்படும் ரப்பர் வகைச் சக்கரம் தாரில் கொஞ்சம் வேகமாகத் தேயும், ஆனால் இப்படி உதிராது. முழுக் கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், ஆனால் உழைக்கும். எங்கள் சிபாரிசு டிபிஆர். ஹினோமோத்தோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் சக்கரம் போட்டிருந்தால் பெட்டிக்காரர்கள் அதைச் சீட்டில் பெருமையாக எழுதியிருப்பார்கள். அமைதியாகவும் சீராகவும் உருளும், நல்ல சக்கரம்தான். ஆனாலும் நகத்தால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா? விமான நிலையத்துக்குள் நான்குதான் சுகம், பக்கத்தில் நிறுத்தித் தள்ளிக்கொண்டே போகலாம். ரயிலில் அதுவே தொல்லை. வண்டி கிளம்பியதும் பெட்டி தானே நடைபாதையில் நடக்க ஆரம்பிக்கும். செம்மண்ணிலும் சரளையிலும் நான்கு சக்கரப் பெட்டியைத் தள்ளவே முடியாது, சாய்த்துத்தான் இழுக்க வேண்டும். அப்போது முழுப் பாரமும் பின்னால் உள்ள இரண்டு சுழல் சக்கரங்களின் தண்டில் போய் உட்காரும். அந்தத் தண்டு நிமிர்ந்து நிற்கும் பாரத்துக்காகச் செய்தது, பக்கவாட்டு இழுப்புக்காக அல்ல. அதனால் அடியோடு முறியும். இரண்டு சக்கரப் பெட்டியின் சக்கரம் பாதி உடலுக்குள் பதிந்திருக்கும், கன்வேயரில் அடி படாது, பள்ளம் மேட்டிலும் ஏறி இறங்கும். வாரா வாரம் தோட்டத்து வீட்டுக்கும் கேஎல்லுக்கும் போய்வருகிறவர்களுக்கு இரண்டு சக்கரம்தான் சரி. வருடத்துக்கு ஓரிரு முறை வாசலிலேயே கார் ஏறி விமானத்துக்குப் போகிறவர்கள் நான்கு வாங்கலாம். வாங்கும்போது ஒவ்வொரு மூலையிலும் இரட்டைச் சக்கரம் உள்ளதாகப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் உள் துணியின் ஜிப்பைத் திறந்து, மூலையில் சக்கரம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மூன்று நான்கு ஸ்குரூ தலைகள் தெரிந்தால் அந்தப் பெட்டிக்கு மறுவாழ்வு உண்டு. ஸ்குரூ கழற்றினால் பழைய சக்கரம் கையோடு வந்துவிடும், புதியதை அதே ஓட்டைகளில் முடுக்கலாம். ரிவெட் அடித்திருந்தால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். உள் துணியைத் தைத்தே மூடியிருந்தால், பிரிக்காமல் எதையும் தொட முடியாது.

இரண்டு சக்கரப் பெட்டியில் பெரும்பாலும் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுச் சக்கரம் இணையக் கடைகளில் அச்சு போல்ட், வாஷர், சின்ன அலன் கீ எல்லாம் சேர்ந்து ஒரே செட்டாகக் கிடைக்கிறது. ஆர்டர் போடும் முன் நான்கு அளவு எடுங்கள்: சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன், சக்கரம் உட்காரும் கவட்டையின் உள் இடைவெளி. அச்சு பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். விட்டம் தேய்ந்து குறைந்திருக்கும், அதனால் குறைவாகத் தேய்ந்த சக்கரத்தை அளந்து கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மிகப் பெரிதாக வாங்கினால் உடலில் உரசும்.

பழைய அச்சைக் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். கவட்டையின் உள்பக்கம் இரண்டு மூன்று சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, சக்கரத்துக்கும் கவட்டைக்கும் நடுவே ஹேக்சா பிளேடை நுழைத்து அறுங்கள். வேகமாக அறுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பிளேடைப் பிடித்துக்கொள்ளும், நிதானம் வேண்டும். அச்சுத் துண்டுகளைத் தட்டி எடுத்து, ஓட்டையின் பிசிறை உப்புத்தாளால் தேயுங்கள். புதுச் சக்கரத்தின் இரு பக்கமும் வாஷர் வைத்து போல்டைச் செருகி, இரண்டு பக்கமும் அலன் கீ போட்டு முடுக்க வேண்டும். சக்கரம் விரலால் சுண்டினால் தாராளமாகச் சுற்றவும் வேண்டும், பக்கவாட்டில் ஆடவும் கூடாது. அந்த நிலையில் நிறுத்துங்கள். மரை கழன்றுவிடாமல் இருக்க மரைப் பசை போடுகிறவர்கள் மரையின் நுனியில் ஒரு சொட்டோடு விட வேண்டும். அந்தப் பசை வழிந்து, பெட்டி உடல் செய்யும் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் பட்டால் அது வெடிக்கும். ஒரு சக்கரம்தான் போயிருக்கிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் உயரம் ஒத்துப்போகாமல் பெட்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இனி உடல். கடையில் கெட்டிப் பெட்டி என்று நிற்பவை பெரும்பாலும் மூன்று வகை: ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிப்ரோபிலீன். ஏபிஎஸ் மலிவு, தொட்டால் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தனம்தான் அதன் பலவீனம், வளைந்து கொடுக்காமல் மூலையில் விரிசல் விடும். வெயிலில் இன்னும் சீக்கிரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பாலிகார்பனேட் அடி விழுந்தால் குழிந்து, மறுபடி நிமிரும். ரிமோவா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இதைப் பெட்டிக்குக் கொண்டுவந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பாலிப்ரோபிலீன் எடை குறைவு, பளபளப்பு குறைவு, கீறல் அவ்வளவாகத் தெரியாது. சாம்சோனைட்டின் கர்வ் என்ற பொருளும் பாலிப்ரோபிலீனை இழையாக நெய்து அழுத்திச் செய்வதுதான். விலை அதிகம், ஆனால் எடைக்குக் கிடைக்கும் உறுதி அபாரம்.

நம்மவர்களுக்குப் பாலிப்ரோபிலீன் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்குப் போகும் பெட்டியில் மைலோ, வெள்ளைக் காப்பித் தூளோடு கோடாலித் தைலமும் நிச்சயம் இருக்கும். அந்த மாதிரித் தைலம் கசிந்து ஊறினால் ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் நாளடைவில் நுண்வெடிப்பு விடும். பாலிப்ரோபிலீன் இதற்கு அசைந்து கொடுப்பதில்லை. எந்தப் பெட்டியானாலும் தைலப் பாட்டிலை மூடியில் டேப் சுற்றி, தனி ஜிப் பையில் போடுங்கள். கறை போக்க தின்னரோ பெட்ரோலோ தொட்டுத் துடைக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும்.

சீட்டில் வெறும் பிசி, அதாவது பாலிகார்பனேட், என்று இருந்தாலும் சில பெட்டிகளில் ஏபிஎஸ் கலந்திருக்கும். மூடியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். குழிந்து உடனே மீண்டால் நல்லது. அழுத்திய இடம் வெளிறி வெள்ளைத் தடம் விட்டால் வாங்காதீர்கள். துணிப் பெட்டி வேண்டுமென்றால் 1680 டெனியர் பாலிஸ்டிக் நைலான் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள் (டெனியர் என்பது நூலின் பருமன் அளவு), எளிதில் கிழியாது. ஆனால் மழையில் நனைந்து வந்தால் உடனே காய வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலே பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது.

ஜிப் விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைச் சுருள் ஜிப்பைப் பூட்டியிருந்தாலும் பேனா முனையால் குத்திப் பிரித்துவிடலாம், பிறகு ஜிப்பின் இழுப்பானை ஓட்டினால் தடமே இல்லாமல் மூடிக்கொள்ளும். இரட்டை வரிசை ஜிப் அப்படி எளிதில் பிரியாது. ஓய்கேகே (YKK) என்ற ஜப்பான் ஜிப் நிறுவனத்தின் பெயர் இழுப்பானில் பொறித்திருந்தால் நம்பலாம். ஜிப்பே இல்லாத அலுமினியச் சட்டப் பெட்டியில் மழைநீர் எளிதில் இறங்காது, ஆனால் எடை கூடும். அடைத்து அமுக்கி மூடினால் சட்டம் கோணி, கொக்கி பிறகு விழவே விழாது. டிஎஸ்ஏ பூட்டைப் பெரிதாக நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். அது அமெரிக்கச் சோதனையாளர்கள் திறந்து மூடுவதற்கான ஏற்பாடு, அதன் மாஸ்டர் சாவிகளின் 3டி அச்சு வடிவங்கள் 2015-லேயே இணையத்தில் வெளியாகிவிட்டன.

இழுவைக் கைப்பிடியை முழுக்க நீட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும், கடகடத்தால் உள்ளே பிடிமானம் தளர்ந்திருக்கிறது. பூட்டு முள் ஓட்டையில் விழாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் செம்மண் தூள். தேங்காய் எண்ணெய் விட்டுச் சரிசெய்தால் இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு அதிலேயே தூள் ஒட்டி இன்னும் இறுகும். குழாயை நீட்டி வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகோன் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

அளவுக்கு வந்தால், கேபினுக்கு 20 அங்குலம் என்று போட்டிருப்பதை நம்பாமல் சக்கரம், கைப்பிடி சேர்த்து அளக்க வேண்டும். ஏர்ஏசியா, மலேசியா ஏர்லைன்ஸ் இரண்டிலும் கேபின் பெட்டிக்கான அளவு 56 x 36 x 23 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. காலிப் பெட்டியே 3 கிலோ என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? செக்கின் பெட்டிக்கு 24 முதல் 26 அங்குலம் நல்ல அளவு. 28 அங்குலப் பெட்டியில் இடம் இருக்கிறதே என்று புடவை, குத்துவிளக்கு எல்லாம் அடைத்துவிட்டு, கவுண்டரில் எடை கூடிப் பிரிக்க வேண்டி வரும். 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாகக் காசு கட்டினாலும் ஏற்றமாட்டார்கள். குத்துவிளக்கு மாதிரி கனமான பித்தளைச் சாமானைத் துண்டில் சுற்றிச் சக்கரப் பக்கமாக, நடுவில் வையுங்கள். ஓரச்சுவரை ஒட்டி வைத்தால் பெட்டி விழும்போது உள்ளிருந்தே குத்தி உடைக்கும்.

அழகு வேண்டாமா என்றால், நிச்சயம் வேண்டும். பளபளப்பான மேற்பரப்பு முதல் கன்வேயரிலேயே கீறல் விழுந்து மங்கிவிடும். மங்கலான, சொரசொரப்பான வகையைத் தேர்ந்தெடுங்கள். கரும்பச்சை, அடர்நீலம், மெரூன் நிறங்கள் கறுப்புக் கூட்டத்தில் தனித்துத் தெரியும், அழுக்கையும் மறைக்கும். வெளிர் நிறம் பிடித்தால் கன்வேயரின் கறுப்புத் தடத்தை மெலமைன் பஞ்சால் மெதுவாகத் துடைக்கலாம். அடையாளத்துக்காக நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். கயிறு கன்வேயரில் சிக்கினால் கைப்பிடியையே பிடுங்கிக்கொண்டு போகும்.

வீடு திரும்பியதும் சக்கர இடுக்கில் உள்ள முடி, நூல், செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு, ஈரம் போகத் துடையுங்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் படுக்க வையுங்கள், சக்கரத்தில் பாரம் இருக்கக் கூடாது. ஜிப் பாதி திறந்தே இருக்கட்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போடுங்கள். புதிதாக இருக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் உறையைச் சுற்றி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும் வேலை. ரப்பர் பூசிய கைப்பிடி பிசுபிசுக்க ஆரம்பித்தால் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு அந்தப் பூச்சை முழுதாகத் துடைத்து எடுத்துவிடலாம். கைப்பிடியோடு நிறுத்துங்கள், உடலில் தேய்க்க வேண்டாம்.

விமானத்தில் உடைந்து வந்தால், பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுண்டரில் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு எழுத்துப்பூர்வமாக முறையிட 7 நாள்தான் அவகாசம். சக்கரமும் கைப்பிடியும் இயல்பான தேய்மானம் என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார்கள். அதனால் செக்கின் செய்வதற்கு முன் கவுண்டர் பக்கத்திலேயே நான்கு மூலையையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் டேக்கின் துண்டுச் சீட்டையும் வீடு போய்ச் சேரும்வரை தூக்கி எறிய வேண்டாம்.