வேதமும் வரலாறும்: ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரே பாடமா, இரண்டு பாடமா?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல, அமெரிக்காவில் தயாரான பாடத்திட்டத்தைத்தான் முதலில் கையில் எடுக்கின்றன. அவற்றில் பலவற்றில் வேதமும் உலக வரலாறும் ஒரே காலவரிசையில் பின்னிக் கிடக்கும்: ஆதியாகமம், சுமேரியா, ஆபிரகாம், எகிப்து, மோசே, அசீரியா, பாபிலோன் என்று. பத்து வயது அக்காவுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுத் தம்பிக்கு என்ன செய்வது?

இதையே சுருக்கி அவனுக்கும் சொல்லலாம். வேதத்தையும் வரலாற்றையும் பிரித்து இரண்டு பாடமாக நடத்தலாம். சபையின் பண்டிகைகளை ஒட்டிக் கதை சொல்லிக்கொண்டு போகலாம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பிரித்து நடத்துவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே காலவரிசை

இதன் பலம் சாதாரணமானதல்ல. நேபுகாத்நேச்சாரும் கோரேசும் வேதத்துக்குள் மட்டும் வாழ்ந்தவர்கள் அல்ல, மண்ணை ஆண்ட ராஜாக்கள் என்று பிள்ளைக்குப் புரிகிறது. அம்மாவுக்கு ஒரே தயாரிப்பு. வீடு முழுக்க ஒரே மேஜை. இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமையலும் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஆறு வயதில் காலவரிசை என்பதே இன்னும் முளைக்கவில்லை. "மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால" என்பதும் "தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ" என்பதும் அவனுக்கு ஒன்றுதான். யாருக்குப் பின் யார் என்ற ஒழுங்குதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. அது அவனைச் சென்றடையாவிட்டால் எஞ்சுவது அந்நியப் பெயர்களின் குவியல்.

எனக்கு இன்னும் பெரிய குறை, சுவிசேஷம் தள்ளிப்போவது. காலவரிசைப்படி போனால் நியாயாதிபதிகளின் இரத்தம் தோய்ந்த பக்கங்களைத் தாண்டிப் பல மாதங்கள் கழித்துத்தான் பெத்லகேம் வரும். சிறுபிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடச் சொன்னவரைப் பற்றி ஒரு சிறுபிள்ளை அத்தனை மாதம் காத்திருந்து கேட்க வேண்டுமா?

தேதிச் சிக்கலும் இருக்கிறது. யாத்திராகமம் சொல்லும் எகிப்திலிருந்து புறப்பாடு நடந்தது கி.மு. 15ஆம் நூற்றாண்டிலா, 13ஆம் நூற்றாண்டிலா என்று அறிஞர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். காலவரிசைப் பாடமோ ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சில பாடத்திட்டங்கள் படைப்புக்கே கி.மு. 4004 என்று தேதி போட்டுத் தொடங்குகின்றன. நம் ஊர்ப் பிள்ளைக்கு அது விரைவிலேயே இடிக்கும். சென்னைப் பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியும், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த பல லட்சம் ஆண்டு பழைய கருவிகளும் அவன் கண்முன்னே வரத்தான் போகின்றன. ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களுக்கு நான் தேதியே எழுத மாட்டேன். தேவன் உண்டாக்கினார் என்பதை முழு மனதோடு சொல்வேன். ஆண்டுக் கணக்கை அதன்மேல் ஏற்ற மாட்டேன்.

பண்டிகை வழி

கிறிஸ்து பிறப்பு, குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, அசனம் என்று பிள்ளை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் ஆண்டு இது. மூன்று நான்கு வயதுக்கு இதைவிட இயல்பான வழி கிடையாது. அறுப்பின் பண்டிகை வாரத்தில் ரூத்தின் கதையைச் சொன்னால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆனால் யோசேப்புக்கும் தானியேலுக்கும் இதில் இடம் கிடைப்பது கடினம். வரலாற்றுக்கு இடமே இல்லை. ஆறு வயதில் இதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், பாடமாக அல்ல.

இரண்டு பாடம்

வேதப்பாடம் தினமும் உண்டு. பத்து பதினைந்து நிமிடம் போதும். ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வற்புறுத்திய முறை இது. முறையான பாடமே ஆறு வயதில்தான் தொடங்க வேண்டும் என்றவர் அவர். கேள்வி கேட்டுப் பதிலை உருவுவதைவிட இதில் அதிகம் தெரியவரும். பிள்ளை எதை விட்டான், எதை இரண்டு முறை சொன்னான் என்பதே நமக்குப் போதிய விடை.

படப்புத்தகமா, வேதாகமமா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. படக்கதைகள் எளிது, அழகு. ஆனால் பல புத்தகங்களில் நோவாவின் பேழை சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கிகளின் உல்லாசப் பயணமாகிவிடுகிறது. கதையின் பயமும் இரக்கமும் காணாமல் போகின்றன. நம் பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் ஆறு வயதுக்குக் கடினம் என்பார்கள். சம்பவங்கள் நிறைந்த பகுதிகளில் அப்படி இல்லை. தாவீது கோலியாத்தை எதிர்க்கும் அதிகாரத்தில் பட்டயம், கேடகம், கவண் என்ற மூன்றை முன்கூட்டியே விளக்கிவிட்டால் பிள்ளை மூச்சுவிடாமல் கேட்பான். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனம் சொல்லி அந்த நடை அவன் காதில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நிருபங்களுக்கு, அதாவது அப்போஸ்தலரின் கடிதங்களுக்கு, அவசரமில்லை. வீட்டில் புழங்குவது திருவிவிலியம் மொழிபெயர்ப்பு என்றால் அதையே வாசியுங்கள்.

வம்ச வரலாறுகளைத் தாண்டிப் போகலாம். தீனாளின் கதையையும் நியாயாதிபதிகள் 19ஐயும் பல ஆண்டு தள்ளிவைக்கலாம். சிலுவையைத் தள்ளக் கூடாது. ஈசாக்கைப் பலியிடப்போன கதையைச் சொன்னால் ஒரே அமர்வில் ஆட்டுக்கடா வரைக்கும் வாசித்து முடித்துவிடுங்கள். "மீதி நாளைக்கு" என்று கத்தி ஓங்கிய இடத்தில் நிறுத்தினால் அன்று இரவு பிள்ளை தூங்க மாட்டான்.

வரலாற்றுக்கு வாரம் இரண்டு நாள் போதும். அது எகிப்தில் தொடங்க வேண்டியதில்லை. கைக்கு எட்டும் இடத்தில் தொடங்கட்டும். உங்கள் சபையின் அடிக்கல்லில் பொறித்த ஆண்டை அவனே விரலால் தடவி வாசிக்கட்டும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு 1785இல் பிரதிஷ்டையான குளோரிந்தா ஆலயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி. சென்னையில் இருப்பவர்கள் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் போய், இயேசுவின் சீடர் தோமா இங்கே வந்தார் என்ற மரபை மரபாகவே சொல்லலாம்.

எல்லாருக்கும் பொதுவாக நான் எடுப்பது தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். வளர்ந்த மனிதர் அவர், தமிழ் எழுத்துப் படிக்கச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினார். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த வரலாற்றுச் செய்தியை நான் இன்னும் காணவில்லை. அவனும் இப்போது அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்! ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஒரு தட்டு மணலும், உருளைக்கிழங்கில் வெட்டிய ஒரு 'அ' அச்சும் இருந்தால் இரண்டு வாரப் பாடம் தயார்.

இரண்டையும் முற்றிலும் வெட்டிவிடச் சொல்லவில்லை. சில இடங்களில் முடிச்சுப் போடலாம். சுவரோரம் ஒரு கயிறு கட்டுங்கள். ஒரு சாண் நூறு ஆண்டு. தாத்தா பிறந்தது ஒரு சாணுக்குள். சீகன்பால்கு மூன்று சாண் தாண்டி. இயேசு இருபதாவது சாண். ஆபிரகாம் ஏறக்குறைய நாற்பது. தேதி மனதில் நிற்காது. ஆனால் தூரம் எவ்வளவு என்று சாண் போட்ட கைக்குத் தெரிந்துவிடும்.

முடிச்சுகளில் எனக்கு மிகப் பிடித்தது வரிக்காசு. இயேசு வாங்கிப் பார்த்து, இந்தச் சுரூபம் யாருடையது என்று கேட்ட காசு ரோமப் பேரரசன் திபேரியு ராயனின் வெள்ளிக்காசு என்பது பொதுவான கருத்து. அதே அரசனின் வெள்ளிக்காசுகள் கொங்கு மண்ணில் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எஸ்தரின் முதல் வசனத்தில் வரும் இந்து தேசமும் இப்படி ஒரு முடிச்சு. யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கே கீழடியின் காலத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறை கொண்டுபோயிருப்பது இன்னொன்று.

இதற்கு விலை உண்டு. தமிழில் இப்படித் தயாராக ஒரு பெட்டி கிடைக்காது. பெற்றோர்தான் உட்கார்ந்து சேர்க்க வேண்டும். பாரத்தைக் குறைக்க ஒரே வழி, வேதப்பாடத்தை இருவருக்கும் பொதுவாக வைத்து வரலாற்றை மட்டும் பிரிப்பது. அக்கா தன் எகிப்தையும் அசீரியாவையும் தானே வாசித்துக்கொள்ளட்டும்; தம்பி கதையைத் திருப்பிச் சொல்லும்போது விட்டதை எடுத்துக்கொடுப்பது அவள் வேலை.

ஒன்பது வயதை நெருங்கும்போது இரண்டு பாதையையும் சேர்க்கலாம். எசேக்கியா ராஜாவில் தொடங்குங்கள். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் எசேக்கியாவின் யூதாமேல் படையெடுத்ததை இரண்டாம் இராஜாக்கள் 18, 19 சொல்கின்றன. சனகெரிப் தானே களிமண் பட்டகத்தில் எழுதிவைத்ததும் கிடைத்திருக்கிறது: எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்துவைத்ததாகப் பெருமை பேசுகிறான்; நகரத்தைப் பிடித்ததாக மட்டும் எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, எதை யார் சொல்லாமல் விட்டார்கள் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.